ஹேசல்நட் விளையும் ஊரில் ஹேசல்நட் ஆகாத பிள்ளை

நாங்கள் இருப்பது இத்தாலியின் டுரின் நகரத்தில். இந்தப் பியெமொந்தே மாநிலமே ஹேசல்நட்டுக்குப் பேர்போனது. ரொட்டியில் தடவும் ஹேசல்நட் சாக்லேட் பசையான நியூட்டெல்லா 1964-இல் பிறந்த ஆல்பா ஊரும் இதே மாநிலம்தான். சாக்லேட், கேக், ஐஸ்கிரீம் என்று எதைத் தொட்டாலும் அந்தக் கொட்டை இருக்கும். என் பையனுக்கு அதுதான் ஆகாது. உதடு வீங்கி மூச்சு இரைக்க ஆரம்பித்துவிடும். அதனால் நான் முதலில் நெட்டுரு போட்ட இத்தாலிய வாக்கியம் இது:

"மியோ ஃபீலியோ எ அல்லெர்ஜிகோ அல்லே நொச்சோலே." என் மகனுக்கு ஹேசல்நட் அலர்ஜி. மகள் என்றால் "மியா ஃபீலியா எ அல்லெர்ஜிகா."

உணவகத்தில் உட்கார்ந்ததும் இதைச் சொல்லிவிட வேண்டும். நம்மவர்கள் பலர் "சென்த்சா நொச்சோலே", அதாவது ஹேசல்நட் இல்லாமல், என்று மட்டும் கேட்கிறார்கள். பரிமாறுகிறவர் அதைப் பிடிக்காத சங்கதியாக எடுத்துக்கொண்டு, மேலே தூவுவதை மட்டும் நிறுத்திவிடக்கூடும். மாவில் அரைத்துச் சேர்த்தது அப்படியே இருக்கும். அலர்ஜி என்று சொல்லி, கூடவே "எ க்ராவே, ஆன்கே இன் த்ராச்சே" (கடுமையானது, துளி கலந்தாலும் ஆகாது) என்றும் சேர்த்தால் பேச்சின் தொனியே மாறும். அடுத்து, "புவோ கியெதெரே இன் குச்சீனா?" சமையலறையில் கேட்டுச் சொல்கிறீர்களா?

இதைக் கேட்கக் கூச்சமே வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 சட்டப்படி, 14 வகை அலர்ஜிப் பொருட்களில் எது சாப்பாட்டில் இருக்கிறது என்று உணவகங்களும் தெரிவித்தாக வேண்டும். 2014 டிசம்பரிலிருந்து இது நடைமுறை. மெனுவில் உணவின் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் எண்கள் இருப்பது இதற்காகத்தான். கொட்டைகளுக்குப் பெரும்பாலும் 8. ஆனாலும் கடைசிப் பக்க விளக்கத்தைப் பார்த்துவிடுங்கள், எல்லாக் கடையிலும் ஒரே வரிசை இருக்காது.

கொட்டை வகை மொத்தமும் ஆகாது என்றால் "ஃப்ருத்தா ஆ கூஷோ" என்று சொல்லுங்கள். "நோச்சி" என்றால் வால்நட் மட்டும்தான். நிலக்கடலை, "அராக்கிதி", பட்டியலில் தனி. பைன் கொட்டையான "பினோலி" அந்த 14-இலேயே கிடையாது! பாஸ்தாவில் கலக்கும் துளசி வகை இலைச் சட்னியான பெஸ்தோவில் சேர்வது அதுதான். ஆகாதவர்கள் தனியாகக் கேட்டே ஆகவேண்டும். பாட்டில் பெஸ்தோ பலவற்றில் முந்திரி, அதாவது "அனக்கார்தி", வேறு இருக்கும்.

எனக்கு அதிகம் பயம் ஐஸ்கிரீம் கடைதான். ஹேசல்நட் தொட்டியில் விட்ட கரண்டி பக்கத்து எலுமிச்சையிலும் போகும். எங்கள் தெருமுனைக் கடையில் ஒரு பெண் இருக்கிறாள். நான் அலர்ஜி என்றதும் கையுறையை மாற்றுவாள், கரண்டியைக் கழுவித் துடைப்பாள், கண்ணாடிக்குள் திறந்திருக்கும் தொட்டியை விட்டுவிட்டு உள்ளேயிருந்து புதுத் தொட்டியைக் கொண்டுவந்து பிரிப்பாள். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் அவசரப்படமாட்டாள். அவளைப் பார்த்தாலே எனக்கு மனசு நிறைந்துவிடும். மற்ற கடைகளில் "உனா பலெத்தா புலீத்தா, பெர் ஃபவோரே" என்று சுத்தமான கரண்டி கேட்கிறேன். கோனில் வாங்குவதில்லை, "கொப்பெத்தா" என்னும் கிண்ணத்தில்தான்.

எவ்வளவு கேட்டாலும் அட்ரினலின் ஊசி பையில் இருக்கும். அவசர எண் 112. "ஷோக் அனஃபிலாத்திகோ" (உயிருக்கே ஆபத்தான அலர்ஜி அதிர்ச்சி) என்ற இரண்டு சொல்லை வீட்டில் எல்லோரும் படித்து வைத்திருக்கிறோம்.

இத்தாலியின் மாந்தோவா நகரத்துப் பக்கம் போகிற நம் சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. "தொர்தெல்லி தி த்சூக்கா" என்று பூசணிக்காய் அடைத்த பாஸ்தா அங்கே பிரபலம். பூசணிதானே என்று நம்பிக்கையோடு வாங்குவோம். பூரணத்தில் அமரெத்தி பிஸ்கட்டைப் பொடித்துச் சேர்ப்பார்கள், அதில் பெரும்பாலும் பாதாம். கடுகுக் காரம் ஏற்றிய பழப்பாகும் சேரும். பாதாமோ கடுகோ ஆகாதவர்கள் "சி சோனோ மாந்தொர்லே? சே சேனபே?" என்று கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள்.