"ங்கிற" தெரிஞ்சவங்களுக்கு இங்கிலீஷ் "தட்" கஷ்டமே இல்ல

ஐஈஎல்டிஎஸ்ங்கிற இங்கிலீஷ் பரிட்சையோட ரைட்டிங்ல முதல் தடவ எனக்கு 6 தான் வந்துச்சு, யூகே நர்சிங் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு ரைட்டிங்ல 6.5 வேணும், மத்த மூணுலயும் (ரீடிங், லிஸனிங், ஸ்பீக்கிங்) 7 வேணும், அந்த மூணும் வந்துருச்சு, அர மார்க்குல எல்லாம் நின்னு போச்சு. படிச்ச சென்டர்ல சொன்னதெல்லாம் கடினமான வார்த்த போடுங்க, லிங்கிங் வேர்ட்ஸ் போடுங்கன்னு மட்டும் தான். என் வாக்கியத்துல எது உடைஞ்சு கிடக்குன்னு ஒருத்தரும் உக்காந்து காட்டல. ரெண்டாவது தடவ எழுதுறதுக்கு முன்னாடி ஹாஸ்டல்ல என் ரூம்ல இருந்த சீனியர் அக்கா தான் என் பழைய பிராக்டிஸ் கட்டுரை பத்து பதினஞ்சையும் ராத்திரி உக்காந்து பாத்தாங்க, சிவப்பு பேனாவுல ஒரே ஒரு விஷயத்த மட்டும் சுத்தி சுத்தி வட்டம் போட்டாங்க. பெயர்ச்சொல்லுக்கு அப்புறம் வர்ற தட்.

நான் எழுதி வச்சிருந்தது இப்படி: "த ஃபேக்ட் விச் பீப்பிள் ஆர் லிவிங் லாங்கர்". இன்னொரு இடத்துல "டிஸ்பைட் தட் நர்ஸஸ் வொர்க் ஹார்ட்". இன்னொன்னுல "தேர் இஸ் எ பாசிபிலிட்டி டு கெட் இன்ஃபெக்‌ஷன்". மூணும் தப்பு, மூணையும் நான் வார்டுல தினமும் பேசிட்டு இருந்தேன்.

அக்கா இலக்கணப் பேரு எதுவும் சொல்லல. "அவ சொன்ன நியூஸ், அவ பாஸ் ஆயிட்டாங்கிற நியூஸ், ரெண்டும் ஒண்ணாடி?"ன்னு கேட்டாங்க. இல்லக்கா, ஒண்ணு அவ வாயால சொன்னது, இன்னொண்ணு அந்த நியூஸ்ல என்ன இருக்குங்கிறதுன்னேன். "அவ்ளோதான். தமிழ்ல ரெண்டுக்கும் உருவமே வேற, இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே தட்டு. அதான் நீ குழம்புற"ன்னாங்க.

இத மெதுவா பாருங்க, மொத்த விஷயமும் இங்க தான் இருக்கு. "த நியூஸ் தட் ஷி டோல்ட் மீ", இதுல தட்டுக்கு பின்னாடி இருக்கறத மட்டும் தனியா எடுத்தா "ஷி டோல்ட் மீ", எத சொன்னான்னு ஒரு ஓட்ட இருக்கு, அந்த ஓட்டைல உக்கார வேண்டியது தான் நியூஸ். இங்க தட்டுக்கு பதிலா விச் போடலாம், தப்பில்ல. "த நியூஸ் தட் ஷி பாஸ்ட் த எக்ஸாம்", இதுல பின்னாடி இருக்கறது "ஷி பாஸ்ட் த எக்ஸாம்", முழு வாக்கியம், ஒண்ணும் குறையல. அந்த முழு வாக்கியம் தான் நியூஸே. இங்க விச் வரவே வராது. நான் "ஃபேக்ட் விச்"னு எழுதுனது இதனால தான் தப்பு, ஜனங்க அதிக வருஷம் வாழுறாங்கங்கிறது முழு வாக்கியம், அதுல ஃபேக்ட் உக்கார எடமே இல்ல.

வார்டுல இருந்தே ஒரு உதாரணம். ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவங்களுக்கு எழுதி வைக்கிற ஹேண்டோவர் நோட்ல ஒரு நாள் நான் எழுதுனது "கம்ப்ளைன்ட் தட் பேஷன்ட் டோல்ட்". அடுத்த ஷிஃப்ட் சிஸ்டர் வந்து என்ன கம்ப்ளைன்ட்னு கேக்குறாங்க, ஏன்னா நான் கம்ப்ளைன்ட் யார் சொன்னதுன்னு தான் எழுதியிருக்கேன், உள்ள என்ன இருக்குன்னு எழுதல. "கம்ப்ளைன்ட் தட் த பெயின் இஸ் கெட்டிங் வொர்ஸ்"னு இருந்திருந்தா அவங்க நேரா பெட்டுக்கு போயிருப்பாங்க. வலி கூடிட்டே போகுதுங்கிற கம்ப்ளைன்ட். ங்கிற வந்தா உள்ளடக்கம் வந்துருச்சுன்னு அர்த்தம்.

இதுல ஒரு சின்ன சிக்கல் இருக்கு, சொல்லிடுறேன். தமிழ்ல "அவர் இறந்த செய்தி"ன்னும் சொல்றோம், ங்கிற இல்லாமலே உள்ளடக்கம் வருது. அப்போ என்ன பண்றதுன்னா ங்கிறவ நீங்களே உள்ள போட்டு பாருங்க. "அவர் இறந்துட்டாருங்கிற செய்தி", அர்த்தம் மாறல, அப்போ அது உள்ளடக்கம், விச் போடக்கூடாது. "அவர் சொன்ன செய்தி"ல போட்டா "அவர் சொன்னாருங்கிற செய்தி", அர்த்தமே வேற ஆயிடுச்சு பாத்தீங்களா. இந்த ஒரு டெஸ்ட் போதும், நான் பரிட்சை ஹால்லயும் மனசுக்குள்ள இத தான் பண்ணேன்.

அடுத்தது எந்த வார்த்தைக்கு பின்னாடி தட் வரும் எதுக்கு வராதுங்கிறது. லிஸ்ட மனப்பாடம் பண்ணாதீங்க, நான் பண்ணி ஒரு வாரத்துல மறந்துட்டேன். ஃபேக்ட், ஐடியா, பிலீஃப், க்ளெய்ம், எவிடென்ஸ், ஹோப், ஃபியர், ரிஸ்க், சான்ஸ், பாசிபிலிட்டி இதெல்லாத்துக்கும் தமிழ்ல ங்கிற ஒட்டும்: விழுந்துடுவாருங்கிற பயம், பொழச்சுக்குவாருங்கிற நம்பிக்கை. எபிலிட்டிக்கு ஒட்டாது, "நடக்க முடியும்ங்கிற சக்தி"ன்னு யாரும் சொல்றதில்ல, நடக்குற சக்தின்னு தான் சொல்லுவோம், இங்கிலீஷ்லயும் "எபிலிட்டி டு வாக்" தான்.

ஆனா ணும்ங்கிற வந்தா கவனம். வெளிநாடு போகணும்ங்கிற ஆச, வேலைய விடணும்ங்கிற முடிவு, இதுல ஆசப்படுறவங்களும் போறவங்களும் ஒரே ஆள், இந்த மாதிரி எடத்துல இங்கிலீஷ்ல டு தான் வரும்: "டிசையர் டு கோ அப்ராட்", "டிசிஷன் டு லீவ்". ஆள் வேறயா இருந்தா கத வேற. சம்பளத்த ஏத்தணும்ங்கிற கோரிக்கைன்னா கேக்குறது நாம, ஏத்த வேண்டியது அவங்க, "த டிமாண்ட் தட் வேஜஸ் பி ரெய்ஸ்ட்". அந்த பி-ய ஆர்னு மாத்திடாதீங்க, டிமாண்ட், ரெகமெண்டேஷன் மாதிரி வார்த்தைங்களுக்கு பின்னாடி அது அப்படியே நிக்கும், இல்லன்னா ஷுட் பி போடலாம், பிரிட்டிஷ்காரங்க நிறைய அப்படி எழுதுவாங்க.

பாசிபிலிட்டி டுங்கிறது நம்ம ஊர்ல எல்லாரும் பேசுறது, நானும் எத்தனையோ டாக்டர்ஸ் சொல்லி கேட்டிருக்கேன், ஆனா எழுத்துல மார்க் போயிடும். "எ பாசிபிலிட்டி தட் த வூண்ட் மே கெட் இன்ஃபெக்டட்"னு எழுதுங்க. அதே மாதிரி டவுட். நாம கேள்விக்கே டவுட்னு சொல்றோம், அதனால "ஐ ஹேவ் எ டவுட் தட்"னு ஆரம்பிச்சிடுறோம். "நோ டவுட்"னா பின்னாடி தட் நல்லா பொருந்தும், நிஜமாவே சந்தேகம் இருந்தா "டவுட் அபௌட் வெதர்"னு போங்க.

டிஸ்பைட், டியூ டு, பிகாஸ் ஆஃப் இதுங்களுக்கு பின்னாடி நேரா தட் வாக்கியம் உக்காராது, நடுவுல ஒரு பெயர்ச்சொல் வேணும், அதுக்கு தான் "த ஃபேக்ட் தட்". ஆனா இத தெரிஞ்சுக்கிட்ட சந்தோஷத்துல நான் ஒரே கட்டுரைல நாலு இடத்துல டியூ டு த ஃபேக்ட் தட் போட்டு அக்காகிட்ட திட்டு வாங்குனேன். பிகாஸ்னு ஒரே வார்த்தைல முடியுறத எதுக்கு அஞ்சு வார்த்தையா இழுக்குறன்னாங்க, சரி தான். கட்டுரை எழுதுற டாஸ்க் 2-க்கு 40 நிமிஷம் தான், குறைஞ்சது 250 வார்த்த எழுதணும், வீணாக்க நேரமில்ல. மார்க் போடுற நாலு அளவுகோல்ல கிராமருக்கு கால் பங்கு, வித விதமான வாக்கிய அமைப்பு வருதான்னும் பாக்குறாங்க, தப்பில்லாம இருக்கான்னும் பாக்குறாங்க, அதனால ஒரு கட்டுரைல இந்த அமைப்பு ரெண்டு மூணு தடவ, ஒவ்வொரு தடவயும் வேற வேற பெயர்ச்சொல்லோட வந்தா போதும். த ஆர்க்யுமென்ட் தட் ஒரு தடவ, த ரிஸ்க் தட் ஒரு தடவ. தட்டுக்கு முன்னாடி கமா பெரும்பாலும் வேண்டாம், நான் எல்லா இடத்துலயும் போட்டு வச்சிருந்தேன்.

பேசும்போது தட்ட விடுறாங்களே, நாம விடலாமான்னு கேப்பீங்க. "ஐ ஹேட் எ ஃபீலிங் யூ வுட் கால்", இது சகஜம், ஸ்பீக்கிங்ல தாராளமா சொல்லுங்க. ரைட்டிங்ல விடாதீங்க. திங்க், சே மாதிரி வினைச்சொல்லுக்கு பின்னாடி விடுற அளவுக்கு பெயர்ச்சொல்லுக்கு பின்னாடி விட முடியாது, படிக்கிறவங்க தடுமாறுவாங்க.

ரீடிங்ல ஒண்ணு என்னை ரொம்ப நாள் ஏமாத்துச்சு. "எ ரூமர் ஸ்ப்ரெட் தட் த ஹாஸ்பிட்டல் வாஸ் குளோஸிங்". ரூமர் ஒரு பக்கம், அதோட தட் இன்னொரு பக்கம், நடுவுல வினைச்சொல். தமிழ்ல இது நடக்காது, ஆஸ்பத்திரிய மூடப் போறாங்கங்கிற வதந்தின்னு வாக்கியம் முன்னாடி, பேரு பின்னாடி, ரெண்டும் ஒட்டியே இருக்கும். அதனால நம்ம கண்ணு ஸ்ப்ரெட்டோட தட்ட சேத்து படிச்சிடுது. அப்படி ஒரு தட் அந்தரத்துல நின்னா, பின்னாடி போய் எந்த பெயர்ச்சொல்லோட உள்ளடக்கம் இதுன்னு தேடுங்க.

லிஸனிங்லயும் இதே தட் தான். "தட் பெட்"னு சுட்டிக் காட்டும்போது தெளிவா கேக்கும், பெயர்ச்சொல்லுக்கு பின்னாடி வரும்போது "தட்"னு வராது, "தெட்"டுக்கும் "திட்"டுக்கும் நடுவுல ஒரு சின்ன சத்தமா அமுங்கி ஓடிடும். நான் பஸ்ல வேலைக்கு போறப்ப இங்கிலீஷ் செய்திய காதுல போட்டு, க்ளெய்ம், கன்சர்ன், எவிடென்ஸ்னு ஒரு வார்த்த விழுந்த உடனே அடுத்து வர்றத மனசுக்குள்ள "...ங்கிற கவலை", "...ங்கிற ஆதாரம்"னு தமிழ்ல முடிச்சு பாப்பேன். ஆறு வாரம் பண்ணேன். ரெண்டாவது தடவ ரைட்டிங்ல 6.5.