மாமாவின் மூன்று வருடக் கணக்கு எப்போது தொடங்கியது?

மலேசியாவில் ஒருவரைத் திவாலாக்க இப்போது கடன் குறைந்தது 100,000 ரிங்கிட் இருக்க வேண்டும். ரொம்ப காலம் 30,000ஆக இருந்தது, 2017ல் 50,000 ஆனது, 2021 செப்டம்பரிலிருந்து இந்தத் தொகை. அதனால் கிரெடிட் கார்டில் பத்தாயிரம் பாக்கி வைத்திருப்பவரை "உன்னை பேங்ரப்ட் ஆக்கிடுவேன்" என்று போனில் மிரட்டும் வசூல்காரர் சும்மா பயம் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

என் மாமாவுக்கு வந்தது மிரட்டல் இல்லை, நிஜமாகவே வந்தது. பினாங்கு மாநிலத்தின் பிறை என்ற ஊரில் லாரி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தவர், கூட்டாளியின் வியாபாரக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். "ஜாமீன்காரரை இப்போ திவாலாக்க முடியாதாமே" என்று பலர் ஆறுதல் சொன்னார்கள். அது பாதி உண்மை. லாபம் எதுவும் எதிர்பார்க்காமல் படிப்புக் கடனுக்கோ, சொந்த உபயோகத்துக்கு வாங்கும் காடிக்கோ, குடியிருக்கும் வீட்டுக்கோ ஜாமீன் போட்டவருக்குத்தான் 2017 சட்டத் திருத்தம் அந்தப் பாதுகாப்பைக் கொடுக்கிறது. வியாபாரக் கடனுக்குக் கிடையாது.

திவால் நோட்டீஸ் வந்தால் பணத்தைக் கட்டவோ எதிர்த்து மனு போடவோ ஏழு நாள்தான். மாமா என்ன செய்தார் என்றால், வாசலில் கிரில்லுக்கு அந்தப் பக்கம் கோப்போடு யாராவது நின்றால் அத்தையை விட்டு "வீட்ல இல்லை" என்று சொல்ல வைத்தார். கையில் வாங்காவிட்டால் செல்லாது என்று யாரோ காபிக்கடையில் சொல்லிவிட்டார்கள் (காபிக்கடை வக்கீல்களுக்கு நம் ஊரில் என்றைக்கும் பஞ்சமில்லை). ஆளைப் பிடிக்க முடியவில்லை என்றால் கதவில் ஒட்டியோ பத்திரிகையில் விளம்பரம் போட்டோ நோட்டீஸைச் சேர்ப்பிக்க நீதிமன்றமே அனுமதி கொடுக்கும். அப்படித்தான் திவால் ஆணையும் வந்தது.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஆணை வந்த பிறகுதான். திவாலானவர்களின் விவகாரங்களைக் கவனிக்கும் இன்சோல்வென்சி இலாகாவுக்குப் போய், என்ன சொத்து, யாருக்கு எவ்வளவு கடன், என்ன வருமானம் என்று ஒரு விவர அறிக்கை கொடுக்க வேண்டும். திவால் நிலையிலிருந்து தானாக விடுதலை ஆவதற்கான மூன்று வருடக் கணக்கு அந்த அறிக்கையைக் கொடுத்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும், ஆணை வந்த நாளிலிருந்து இல்லை. மாமா வெட்கப்பட்டுக்கொண்டு அந்தப் பக்கமே போகவில்லை. அக்கா மகள் கல்யாணத்துக்குச் சென்னை போகலாம் என்று டிக்கெட் எடுத்து, விமான நிலையத்தில் இமிகிரேஷன் கவுண்டரில் நிறுத்தப்பட்ட பிறகுதான் போனார். அதுவரை கழிந்த வருடங்கள் கணக்கிலேயே வரவில்லை. வெளிநாடு போக இலாகாவிடமோ நீதிமன்றத்திடமோ அனுமதி வாங்க வேண்டும், அதுவும் முன்கூட்டியே. தடை இருக்கிறதா என்று இமிகிரேஷன் இணையதளத்தில் ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணைப் போட்டு வீட்டிலிருந்தே பார்த்திருக்கலாம்.

அறிக்கை கொடுத்ததும் வாழ்க்கை நின்றுபோகவில்லை. வேலைக்குப் போகலாம், இலாகா நிர்ணயிக்கும் தொகையை மாதா மாதம் கட்ட வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவு காட்ட வேண்டும். ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சேமிப்பில் கடன் கொடுத்தவர்கள் கை வைக்க முடியாது. அனுமதி இல்லாமல் கம்பெனி இயக்குநராக இருக்க முடியாது. விடுதலை கிடைத்தாலும் அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய கடன், உதாரணமாக வருமான வரி பாக்கி, அப்படியே நிற்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

சரி, விடுதலை ஆகிவிட்டது, அப்புறம்? "பேரு பிளாக்லிஸ்ட்ல இருக்கு, அவ்வளவுதான்" என்பார்கள். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் என்ற கடன் பதிவு அறிக்கையில் கருப்புப் பட்டியல் என்று எதுவும் இல்லை. எந்தக் கடனில் எத்தனை மாதத் தவணை நிலுவை என்று கடந்த 12 மாதத்துக்கு எண்களாகக் காட்டும், கடன் கொடுக்கலாமா என்று தீர்மானிப்பது வங்கி. சிடிஓஎஸ் கடன் விவரங்களைத் திரட்டும் தனியார் நிறுவனம், அதுதான் 300 முதல் 850 வரை மதிப்பெண் போடுகிறது. மாமா விடுதலைச் சான்றிதழின் நகலை அங்கே அனுப்பித் தன் பதிவைத் திருத்தச் சொன்னார்.

ஆனால் அவருடைய சிசிரிஸ் அறிக்கை கிட்டத்தட்ட வெற்றுத் தாளாக இருந்தது. கெட்ட பெயர் இல்லை, நல்ல பெயரும் இல்லை. வங்கிக்கு இரண்டுமே பிடிக்காது. கோபத்தில் நாலைந்து வங்கிகளில் ஒரே நேரத்தில் விண்ணப்பம் போடப் பார்த்தார், நான்தான் தடுத்தேன், ஏனென்றால் விண்ணப்பங்களும் அந்த அறிக்கையில் தெரியும், பணத்துக்குத் தவிக்கிறார் என்றுதான் அதிகாரிக்குப் படும். இதற்கிடையில் "சிசிரிஸ் சுத்தம் செய்து தருகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் ஒருவன் முன்பணம் கேட்டான். சரியான பதிவைக் காசு வாங்கிக்கொண்டு யாராலும் அழிக்க முடியாது, முழு மோசடி. கூட்டு (சீட்டு) கட்டலாமா என்றும் மாமா யோசித்தார். 1971 சட்டப்படி கூட்டு நடத்துவதே குற்றம், அதை ஒழுங்காகக் கட்டினாலும் எந்த வங்கிக்கும் தெரியப் போவதில்லை.

கடைசியில் ஃபிக்சட் டெப்பாசிட்டை அடமானமாக வைத்து, அதற்கு ஈடாகச் சின்ன வரம்புள்ள ஒரு கார்டு வாங்கினார். பெட்ரோலுக்கு மட்டும் தேய்ப்பார், பில் வந்ததும் முழுத் தொகையையும் கட்டிவிடுவார். இப்போது அறிக்கையில் நிலுவை இல்லை என்று வரிசையாகச் சைபர். வட்டியே கட்டாத ஆளை வங்கி எப்படி விரும்பும் என்று அத்தை கேட்கிறார், நியாயமான கேள்விதான், ஆனால் பழைய வேனை மாற்றக் கடன் கேட்டுப் போகும்போது அதிகாரி பார்க்கப் போவது அந்தச் சைபர்களைத்தான்.

இன்னும் நோட்டீஸ் வராத நிலையில் தவணை கட்டத் திணறுபவர்கள் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்புக்குப் போங்கள். 2006ல் பேங்க் நெகாரா தொடங்கியது, ஆலோசனை இலவசம், வங்கிகளோடு பேசித் தவணையைக் குறைக்கப் பார்ப்பார்கள். திவால் ஆணை வந்துவிட்டால் அந்தத் திட்டத்தில் சேர முடியாது.