நாலு வருஷம்னா எத்தனை அறுவடை?

போன ஞாயித்துக்கிழமை தாராபுரத்துல இருந்து ஒரு அப்பா வாட்ஸப்ல கூப்பிட்டாரு. அவரு பொண்ணு கோயம்புத்தூர்ல எம்எஸ்சி அக்ரி முடிச்சவ, எனக்கு ஜூனியர், அமெரிக்காவுல நான் இருக்கிற இதே அயோவாவுல பிஎச்டிக்கு சீட் கிடைச்சு 2025 ஆகஸ்ட்ல வந்திருக்க வேண்டியது, விசா ஸ்லாட் கிடைக்காம ஜனவரிக்கு தள்ளிப் போட்டிருக்கா. அவரு நல்லாருக்கியா சாப்டியான்னு எல்லாம் விசாரிச்சிட்டு கடைசியா கேட்டாரு, "ஏங்கண்ணு, அஞ்சு வருஷப் படிப்புக்கு நாலு வருஷந்தான் இருக்க விடுவாங்களாமே, அப்ப அஞ்சாவது வருஷம் புள்ள என்ன பண்ணும்?"

எனக்கு சட்டுனு பதில் வரல. விசாரிச்சு சொல்றேன் அங்கிள்னு சொல்லி வச்சிட்டேன், அப்புறம் ரெண்டு நாளா அதே கேள்விதான் மண்டைல ஓடிட்டு இருக்கு, அதான் எழுதுறேன்.

விஷயம் தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். எஃப்-1ங்கிற ஸ்டூடண்ட் விசாவுல வர்றவங்க ஏர்போர்ட்ல இறங்கினதும் ஐ-94னு ஒரு ரெக்கார்ட் போடுவாங்க, டூரிஸ்ட்டா வந்தா அதுல இந்த தேதிக்குள்ள கிளம்பணும்னு தேதி இருக்கும், நமக்கு தேதி இருக்காது, டி/எஸ்னு ரெண்டே எழுத்துதான் இருக்கும். டியூரேஷன் ஆஃப் ஸ்டேட்டஸ். ஒழுங்கா படிக்கிற வரைக்கும், ஸ்டேட்டஸ கெடுத்துக்காத வரைக்கும் இருந்துக்கோன்னு அர்த்தம். 1970கள் கடைசியில இருந்து இப்படித்தான். படிப்பு இழுத்துச்சுன்னா கைடு ஒரு லெட்டர் குடுப்பாரு, யுனிவர்சிட்டில வெளிநாட்டு ஸ்டூடண்ட்ஸ பாத்துக்கற அதிகாரி, டிஎஸ்ஓன்னு சொல்வோம், அதைப் பாத்து ஐ-20ல, அதாவது யுனிவர்சிட்டி குடுக்கிற படிப்பு சான்று ஃபார்ம்ல, முடிவு தேதிய நீட்டிக் குடுப்பாங்க, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 28, 2025 அன்னைக்கு டிஹெச்எஸ், அதாவது இங்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, ஒரு புது ரூல முன்மொழிஞ்சாங்க. டி/எஸ் கிடையாது, ஐ-20ல இருக்கிற தேதி வரைக்கும்தான், அதுவும் அதிகபட்சம் நாலே வருஷம். அதுக்கு மேல வேணும்னா யுஎஸ்சிஐஎஸ்ங்கிற குடியேற்ற ஆபீஸுக்கு அப்ளை பண்ணி கைரேகை குடுத்து காத்திருக்கணும். படிப்பு முடிஞ்சு கிளம்பறதுக்கு இப்ப இருக்கிற 60 நாள் 30 ஆகுது. கிராஜுவேட் ஸ்டூடண்ட் (மாஸ்டர்ஸ், பிஎச்டி படிக்கிறவங்க) நடுவுல கோர்ஸ் மாத்தக்கூடாது, ஒரு மாஸ்டர்ஸ் முடிச்சிட்டு இங்கயே இன்னொரு மாஸ்டர்ஸ் எஃப்-1ல படிக்கக்கூடாது. நான் இத எழுதற 2025 கடைசி வரைக்கும் இன்னும் சட்டம் ஆகல, பொதுமக்கள் கருத்து சொல்ற டைம் செப்டம்பர் 29ஓட முடிஞ்சுது. நான் அப்ளை பண்ணிட்டிருந்த 2020 செப்டம்பர்லயும் இதே மாதிரி ஒண்ணு கொண்டு வந்தாங்க, 2021 ஜூலைல வாபஸ் வாங்கினாங்க, நான் ஆகஸ்ட்ல வந்து இறங்கினேன்.

இப்ப என் கதையையே எடுத்துக்கோங்க. நான் பண்றது மண்ணு சம்பந்தப்பட்ட ஆராய்ச்சி, மக்காச்சோள வயல்ல போடற நைட்ரஜன் எவ்வளவு பயிருக்கு போகுது எவ்வளவு தண்ணியோட கீழ இறங்கி ஆத்துக்கு போகுதுன்னு அளக்கறது. இங்க ஒரு வருஷத்துக்கு ஒரே போகம்தான். ஏப்ரல் கடைசி மே மாசம் விதைப்பு, செப்டம்பர் அக்டோபர்ல அறுவடை, அப்புறம் மண்ணு உறைஞ்சு கல்லாயிடும். 2021ல வந்து மொத வருஷம் பூரா கிளாஸ், 2022ல தான் வயல்ல கால் வச்சேன், அது கருவி எல்லாம் பொருத்தி சரிபார்க்கவே போச்சு. 2023ல மழையே இல்ல, தண்ணி சாம்பிள் எடுக்கப் போனா குழாய்ல தண்ணியே வரல. 2024 ஜூன்ல வடமேற்கு அயோவாவுல வெள்ளம், எங்க ஆராய்ச்சி வயல்ல பாதி அதுல போச்சு. ரெண்டு வருஷ டேட்டா உருப்படியா இல்லாம எந்த ஜர்னலும் எங்க ஃபீல்டுல பேப்பர் எடுக்காது. அப்ப 2025 சீசன் எனக்கு வேணுமா வேண்டாமா? 2025 ஆகஸ்ட்டோட நான் வந்து நாலு வருஷம் முடிஞ்சுது, அந்த ரூல் அறிவிப்பு வந்தப்ப என் சோளம் வயல்ல நின்னுட்டு இருந்துச்சு.

நியாயமா ஒண்ணு சொல்லிடணும், இது சட்டமானா கூட எனக்கு பெருசா அடி விழாது, ஏற்கனவே டி/எஸ்ல இருக்கிறவங்களுக்கு ஐ-20 தேதி வரைக்கும் டைம் உண்டு, என் ஐ-20 2026 வரைக்கும் இருக்கு. அடி விழப்போறது எனக்குப் பின்னாடி வர்றவங்களுக்கு, அந்த தாராபுரத்துப் பொண்ணுக்கு.

டிஹெச்எஸ் சொல்ற காரணத்தையும் படிச்சேன். 2000ல இருந்து 2010க்குள்ள எஃப்-1ல வந்து இன்னமும் எஃப்-1லயே இருக்கிறவங்க 2,100 பேருக்கு மேல இருக்காங்களாம். சரி, அந்த 2,100 பேர கூப்பிட்டு விசாரிங்க, தப்பு இருந்தா நடவடிக்கை எடுங்க, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா 2023-24ல மட்டும் இங்க 11 லட்சத்துக்கு மேல வெளிநாட்டு ஸ்டூடண்ட்ஸ், அதுல 3 லட்சத்து 31 ஆயிரம் பேர் நம்ம நாட்டுக்காரங்க. அத்தனை பேருக்கும் ஒரே அளவுகோல வச்சு நாலு வருஷத்துல முடின்னா, வயல்ல வேலை பாக்கறவங்க, நோயாளிகள வருஷக்கணக்கா தொடர்ந்து பாக்கற ஆராய்ச்சி பண்றவங்க, இவங்கெல்லாம் என்ன பண்ணுவாங்க?

2025 ஆரம்பத்துல இருந்தே இப்படித்தான் போகுது. ஏப்ரல் மாசம் நான் தூங்கவே இல்லன்னு சொல்லலாம். செவிஸ்ங்கிற கவர்மெண்ட் ஸ்டூடண்ட் டேட்டாபேஸ்ல ஆயிரக்கணக்கான பேரோட ரெக்கார்ட் ஒரு காரணமும் சொல்லாம திடீர்னு டெர்மினேட் ஆச்சு. விசாங்கிறது உள்ள வர்றதுக்கு மட்டும்தான், உள்ள வந்தப்புறம் நம்மள காப்பாத்தறது ஸ்டேட்டஸ், அது இருக்கிறது செவிஸ்ல. அதையே அடிச்சா வேலை போச்சு, கிளாஸ் போச்சு. அப்புறம் கோர்ட்டுல தான் வெளிய வந்துச்சு, சுமார் 13 லட்சம் பேரோட பேர போலீஸ் டேட்டாபேஸ்ல ஓட்டிப் பாத்திருக்காங்க, 6,400 பேர் கிட்ட பொருந்தியிருக்கு. அதுல தள்ளுபடியான கேஸ், டிராஃபிக் டிக்கெட் எல்லாம் இருந்துச்சு. எனக்கு 2023ல ஒரு ஓவர் ஸ்பீட் டிக்கெட் உண்டு, வயல்ல இருந்து சாம்பிள் பெட்டியோட வேகமா வந்தப்ப வாங்கினது, அப்பவே ஃபைன் கட்டிட்டேன். அந்த மாசம் பூரா காலைல எழுந்ததும் மொத வேலை மெயில் பாக்கறதுதான், டிஎஸ்ஓ பேர்ல மெயில் வந்தா கை நடுங்கும், தொறந்து பாத்தா ஏதாவது பீட்சா பார்ட்டி அழைப்பா இருக்கும். அம்மாகிட்ட சொல்லவே இல்ல. கோர்ட்டுல வரிசையா தடை விழவும் ஏப்ரல் 25ஆம் தேதி ரெக்கார்டுகள திரும்ப போட்டுத் தர்றோம்னு கவர்மெண்ட் சொல்லுச்சு. என் பேரு அதுல இல்லவே இல்ல, ஆனாலும் அந்த மூணு வாரம் என் உடம்புல இன்னும் இருக்கு.

அடுத்து மே 27, புது ஸ்டூடண்ட் விசா இன்டர்வியூ ஸ்லாட் திறக்கறத நிறுத்தினாங்க, ஜூன் 18 மறுபடி ஆரம்பிச்சப்ப சோஷியல் மீடியா அக்கவுண்ட் எல்லாம் பப்ளிக்ல வைக்கணும்னு சொல்லிட்டாங்க. "அக்கா, என் இன்ஸ்டால வீட்டு ஆளுங்க மட்டும்தான் இருக்காங்க, பப்ளிக் ஆக்கினா ஊர்ல இருக்கிற பசங்கல்லாம் பாப்பாங்கக்கா"ன்னு இதே பொண்ணு தான் எனக்கு ராத்திரி வாய்ஸ் நோட் அனுப்பினா. பாட்டியோட இருக்கிற போட்டோ, ஹாஸ்டல் டே போட்டோ, அவ்வளவுதான் அதுல. ஒரு பொண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு அந்த ஆர்டர் போட்டவங்களுக்கு புரியுமான்னு தெரியல. ஆக்கிட்டா. அப்புறம் ஸ்லாட்டுக்காக விடிய விடிய ரெஃப்ரெஷ் பண்ணி, சென்னை இல்லன்னா ஹைதராபாத்னு பாத்து, கிளாஸ் ஆரம்பிக்கறதுக்குள்ள ஒண்ணும் கிடைக்காம டிஃபர் பண்ணினா. சீசன் கணக்குல பாத்தா அவளுக்கு அதுல பெரிய நஷ்டம் இல்ல, ஜனவரில வந்தா மே விதைப்புக்கு வந்துடலாம்.

செப்டம்பர் 19ல வந்த, எச்-1பிங்கிற வேலை விசாவுக்கு 1,00,000 டாலர் ஃபீஸ்ங்கிற அறிவிப்பு பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க. இங்கயே எஃப்-1ல இருந்து மாறுறவங்களுக்கு அந்த ஃபீஸ் இல்லன்னு அக்டோபர் 20ல தெளிவுபடுத்தினாங்க, அதுக்குள்ள ஒரு மாசம் எங்க லேப்ல யாரும் வேற எதுவும் பேசல.

கருத்து சொல்ற கடைசி நாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி நானும் ஒண்ணு எழுதி அனுப்பினேன். அரசியல் எதுவும் எழுதல, என் நாலு சீசன் கணக்க மட்டும் வருஷ வாரியா எழுதினேன், இந்த ஊர் விவசாயிங்க குடிக்கிற தண்ணில நைட்ரேட் எவ்வளவு இருக்குன்னு தான் நான் அளக்கறேன்னும் எழுதினேன்.

இன்னைக்கு சாயந்திரம் அந்த அப்பாவுக்கு திரும்ப கூப்பிட்டேன். அங்கிள், இது இன்னும் சட்டம் ஆகல, ஆனாலும் ஆகிடும்னு நினைச்சே கிளம்பச் சொல்லுங்க, மொத வருஷம் கிளாஸ் மட்டும்னு உக்காராம வர்ற மே மாசமே வயல்ல இறங்கணும்னு கைடுகிட்ட இப்பவே மெயில்ல கேட்டு எழுத்துல வாங்கச் சொல்லுங்கன்னேன். அவரு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "மழை பெய்யாட்டி என்ன கண்ணு பண்றது"ன்னாரு. அவரும் மஞ்சள் போடறவரு தான்.