செய்முறைத் தேர்வில் மெக்கானிக்கல் ஃபியூல் பம்ப் வந்தால்

கார்புரேட்டர் இன்ஜினில் ஃபியூல் பம்பைக் கழற்றி மாட்டுவது பார்வைக்குச் சின்ன வேலை. பெரும்பாலும் இரண்டு போல்ட், இரண்டு ஹோஸ், அவ்வளவுதான். அதனாலேயே பலர் வேகம் காட்டப் போய்ச் சறுக்குகிறார்கள். பம்ப்தான் கெட்டது என்று எப்படி உறுதி செய்தீர்கள், லீவர் கேமில் சரியாக உட்கார்ந்ததை எப்படி அறிந்தீர்கள் என்ற இரண்டு கேள்விக்கும் கையோடு பதில் வைத்திருங்கள்.

முதலில் இயக்கம். கேம்ஷாஃப்டில் உள்ள எக்சென்ட்ரிக் (மையம் விலகிச் சுழலும் கேம்) லீவரைத் தள்ளும், லீவர் டயாஃப்ரத்தை (வளையும் சவ்வு) இழுக்கும், டாங்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படும். அதைக் கார்புரேட்டருக்குத் தள்ளுவது லீவர் அல்ல, டயாஃப்ரத்தின் ஸ்பிரிங். ஆகவே பிரஷரைத் தீர்மானிப்பதும் ஸ்பிரிங்தான். கார்புரேட்டர் நிரம்பி, பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் அதன் நீடில் வால்வு மூடிக்கொண்டால் டயாஃப்ரம் இழுபட்ட நிலையிலேயே நிற்கும், லீவர் மட்டும் சும்மா ஆடும். இன்ஜின் வேகம் கூடக் கூட பிரஷரும் ஏறிக்கொண்டே போகுமா என்று கேட்டால் இதைச் சொன்னால் போதும்.

கழற்றுவதற்கு முன் பம்பின் அடியில் உள்ள சிறு துளையைப் பாருங்கள். அங்கே பெட்ரோல் கசிந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, ஆயில் கசிந்தால் சீல் போயிருக்கிறது. டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தும் பாருங்கள். கிழிந்த டயாஃப்ரம் வழியாகப் பெட்ரோல் சம்ப்புக்குள் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இறங்கினால் ஆயில் நீர்த்துப் பேரிங்குகள் தேயும். கசிவே இல்லாமல் சப்ளை மட்டும் குறைந்தால் பம்பைக் குற்றம் சொல்ல அவசரப்படாதீர்கள். ஃபில்டர் அடைத்திருக்கலாம், டாங்க் மூடியின் காற்றுத்துளை அடைந்திருக்கலாம், டாங்கிலிருந்து வரும் ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருக்கலாம். அந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம் என்பதால் வெளியே சொட்டாமல் காற்றை மட்டும் இழுக்கும். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். டாங்க் மட்டம் பம்பைவிட உயரமாக இருந்தால் ஹோஸைக் கழற்றியதும் பெட்ரோல் தானாகவே ஓடிவரும், அதனால் முன்கூட்டியே கிளாம்ப் போடுங்கள். இன்லெட், அவுட்லெட் ஹோஸ்களுக்கு அடையாளம் கட்டுங்கள். இரும்புக் குழாயில் யூனியன் நட் இருந்தால் இரண்டு ஸ்பேனர் கட்டாயம், ஒன்றால் மட்டும் திருகினால் குழாய் முறுக்கிக்கொள்ளும்.

பம்ப் வந்ததும் திறந்த இடத்தைச் சுத்தமான துணியால் அடைத்துவிட்டுப் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டுங்கள். துணுக்கு உள்ளே விழுந்தால் சம்ப்புக்குத்தான் போகும். பொருத்துமுன் துணியை எடுக்க மறக்காதீர்கள். நடுவில் இருக்கும் கெட்டியான பேக்லைட் ஸ்பேசரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது இன்ஜின் சூட்டைத் தடுப்பதோடு லீவரின் ஸ்ட்ரோக்கையும் (அசையும் தூரம்) நிர்ணயிக்கிறது. கேஸ்கெட்டை அடுக்கித் தடிமன் கூட்டினால் ஸ்ட்ரோக் குறைந்து சப்ளை போதாது. ஸ்பேசர் இல்லாமல் மாட்டினால் லீவர் அளவுக்கு மீறித் தள்ளப்பட்டு உடையும்.

பொருத்தும் கட்டம்தான் உயிர்நாடி. புது பம்பைக் கையால் அழுத்திப் பாருங்கள். எக்சென்ட்ரிக்கின் மேடு லீவரைப் பார்த்து நின்றால் ஸ்பிரிங் கடுமையாக எதிர்க்கும், ஃபிளாஞ்சுக்கும் (போல்ட் மாட்டும் பம்பின் விளிம்பு) இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே பெரிய இடைவெளி நிற்கும். போல்ட்டை முறுக்கி அந்த இடைவெளியை மூடப் பார்ப்பதுதான் பெரிய தவறு. ஃபிளாஞ்ச் வளையும், போல்ட் நூல் போகும். பம்பை வெளியே எடுத்து, கிராங்க்ஷாஃப்டைக் கையால் சுற்றி, தாழ்வான பக்கத்தைக் கொண்டுவாருங்கள். இப்போது லேசான எதிர்ப்போடு பம்ப் உட்காரும், இரண்டு போல்ட்டும் விரலாலேயே சில சுற்று ஏறும். எதிர்ப்பே தெரியாமல் லொடலொடவென்று உட்கார்ந்தால் சந்தேகப்படுங்கள், லீவர் எக்சென்ட்ரிக்கின் தவறான பக்கம் போயிருக்கலாம். அப்படியே ஸ்டார்ட் செய்தால் லீவர் முறியும்.

புஷ்ராடு (எக்சென்ட்ரிக்குக்கும் லீவருக்கும் நடுவே நிற்கும் கம்பி) வழியாக இயங்கும் வகையில் ராடு நழுவிக் கீழே இறங்கி வழி மறிக்கும். கெட்டி கிரீஸ் தடவி மேலே தள்ளினால் பம்பை மாட்டும்வரை நிற்கும். போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள். டார்க் அளவை அந்த இன்ஜினின் கையேட்டில் பாருங்கள், ஊகிக்க வேண்டாம்.

கடைசியாகச் சோதனை. பேட்டரியை மாட்டி, இக்னிஷனைத் துண்டித்து, அவுட்லெட் ஹோஸைப் பாத்திரத்தில் விட்டு கிராங்க் செய்யுங்கள். துடிப்புத் துடிப்பாகப் பெட்ரோல் பீறிட வேண்டும். பல வி8 இன்ஜின்களில் 30 விநாடியில் சுமார் அரை லிட்டர் எதிர்பார்ப்பார்கள். பிரஷர் கேஜில் சிறிய நான்கு சிலிண்டர் இன்ஜின்களுக்கு ஏறத்தாழ 2.5 முதல் 4 பிஎஸ்ஐ, வி8-களுக்கு 5 முதல் 7 வரை வருவது வழக்கம். நிறுத்திய பிறகு முள் சட்டென்று விழுந்தால் பம்பின் வால்வு பிடிக்கவில்லை. அதிகமாகக் காட்டினால் நீடில் வால்வு தாங்காமல் கார்புரேட்டர் நிரம்பி வழியும்.

ஹோஸை மாட்டி இக்னிஷனை இணைத்து இன்ஜினை ஓட்டுங்கள். யூனியன்களையும் ஃபிளாஞ்சையும் உலர்ந்த துணியால் துடைத்துக் கசிவு பாருங்கள். சம்ப்பில் பெட்ரோல் கலந்திருந்தால் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.