ஆறு படத்தில் ஒன்று

மார்ச் 3, செவ்வாய்

டேட்டிங் செயலியில் போட தம்பி அனுப்பிய படம் ஆறு. ஆறும் ஜிம். ஹிஞ்சிலும் சரி, பம்பிளிலும் சரி, படத்துக்கு இருப்பதே ஆறு இடம். அத்தனையும் புஜத்துக்கே போய்விட்டால் ஆளை எங்கே தேடுவது? பாதிக்கு மேல் கண்ணாடி செல்ஃபி, போன் முகத்தை மறைக்கிறது. ஒன்றில் பின்னால் ஒரு பெரியவர் வியர்வை துடைத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் அனுமதி கேட்டானா?

முதல் படம் முகம், கண் தெரிய வேண்டும். ஜிம் ஒன்றே ஒன்று, மூன்றாவதோ நாலாவதோ. மிச்சத்தில் வேட்டியோ பேண்ட்டோ கட்டி முழு உருவம் ஒன்று, கூட்டாளிகளோடு ஒன்று, வேறு ஏதாவது வேலையில் இருப்பது ஒன்று.

மார்ச் 4, புதன்

சட்டை போடச் சொல்ல வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

அந்த ஜிம் டியூப் லைட்டை அவன் விடமாட்டான் போல. நேர் உச்சியிலிருந்து விழும் வெளிச்சம் வயிற்றுக் கோடுகளை நன்றாகக் காட்டும், உண்மைதான். அதே வெளிச்சம் புருவ நிழலைக் கண்ணில் இறக்கி இரண்டு குழி ஆக்கிவிடும். வயிறு ஜெயித்து முகம் தோற்ற படம்.

படத்தில் பட்டை பட்டையாகக் கோடு ஓடுவதற்கும் விளக்குதான் காரணம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மட்டமான விளக்கு நொடிக்கு 100 தடவை மங்கித் தெளியும். போனில் புரோ மோடு போய் ஷட்டரை 1/100 நொடி வைத்தால் கோடு போகும். அசைவைப் பிடிக்க 1/500 வைத்தால் திரும்பி வரும். ஆக, அசைவுப் படத்துக்கு ஜிம் உள்பக்கம் தோதுப்படாது. பகல் வெளிச்சம் வேண்டும்.

மார்ச் 7, சனி

வீட்டில் வளவு, நடு முற்றம், இருக்கும்போது டியூப் லைட் எதற்கு!

காலையில், வெயில் முற்றத்துக்குள் நேராக இறங்குமுன். பத்தி (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம்) ஓரத்தில், தூணை ஒட்டி, முகம் முற்றத்தைப் பார்த்து நிற்க வேண்டும். மேலே திறந்த வானம், எதிரே சுண்ணாம்புச் சுவர். இரண்டின் வெளிச்சமும் சேர்ந்து முகத்தில் மெத்தென்று விழும், கண்ணில் ஒரு வெள்ளைப் பொட்டும் வரும். சுவரே பின்னணி என்றால் அதன் வெள்ளையைப் பார்த்து போன் படத்தை இருட்டாக்கும். முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். நிறத்தை வெளுப்பாக்கும் ஃபில்டர் வேண்டவே வேண்டாம்.

தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் அழகுதான், அந்த அழகுதான் ஆபத்து. மேலிருந்து எடுத்தால் பார்ப்பவர் கண் பூவேலைக்குப் போய்விடும். போனை இடுப்பு உயரத்தில் நேராகப் பிடித்தால் தரை ஒரு பட்டையாக அடங்கும். எடுப்பவர் இரண்டு மீட்டராவது தள்ளி நின்று 2 மடங்கு லென்ஸ் போடட்டும். கை நீட்டி எடுத்தால் மூக்கு பெரிதாகும்.

மார்ச் 8, ஞாயிறு

ஒன்றும் வரவில்லை. பழைய ஆறுதான் இன்னும் கிடக்கிறது. மாற்றடா.

மார்ச் 10, செவ்வாய்

எதைத் தூக்குவது என்பதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். முழு எடை ஏற்றினால் முகம் கோணும், தரையிலிருந்து கம்பி தூக்கும் டெட்லிஃப்டில் முதுகு வளையும். விஷயம் தெரிந்தவர் கண் முதலில் அங்கேதான் போகும். தூக்க முடிந்ததில் பாதி போதும். கம்பி 20 கிலோ, பக்கத்துக்கு 20 கிலோ போட்டால் 60.

என்னைக் கேட்டால் கர்லாக்கட்டை, தோளைச் சுற்றிச் சுழற்றும் மரக்கட்டை. கட்டை தோளுக்குப் பின்னால் தொங்கி, முழங்கை முகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தக் கணம்: உடம்பும் தெரியும், முகமும் தெரியும். தொடர் ஷாட்டில் பத்திருபது எடுத்து ஒன்றைப் பொறுக்கலாம். முதலில் பத்துப் பதினைந்து நிமிஷம் தண்டால் போட்டால் ரத்தம் ஏறித் தோள் தானாக நிறையும். படத்துக்காகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது முட்டாள்தனம், மயக்கம்தான் வரும்.

மார்ச் 11, புதன்

பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடு கட்டையின் நுனியைத் தின்றுவிட்டது. ஸ்கிப்பிங் கயிறு என்றால் பாதிக் கயிறே காணாமல் போகும். சாதா மோடே போதும்.

சட்டை. கையில்லாத பனியன்கூடப் பரவாயில்லை.

மார்ச் 13, வெள்ளி

ஆச்சி கேட்பது ஜாதகத்தோடு போகும் ஸ்டுடியோ படம். அது வேறு கணக்கு, இதோடு கலக்கக் கூடாது.

வாசல் முகப்பு படத்தில் விழக் கூடாது. வாசல் மேலிருக்கும் கஜலட்சுமியும் கதவும் தெரிந்தால் எந்த வீடு என்று காரைக்குடியில் பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். ஜிம் பெயர் அச்சடித்த பனியனும் அப்படித்தான், தினம் எந்நேரம் எங்கே இருப்பான் என்று சொல்லிவிடும். கேமராவில் இடக்குறிப்பை அணைத்துவிட்டு எடுக்க வேண்டும். வாட்ஸப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் தரம் குறையாது, ஆனால் அந்தக் குறிப்பும் கூடவே போகும். இன்ஸ்டாவில் போட்ட படத்தையே இங்கேயும் போட்டால் படத்தை வைத்தே தேடி ஆளைப் பிடித்துவிட வாய்ப்பு உண்டு.

மார்ச் 14, சனி

தாடியை எடுத்துவிட்டானாம். இப்போதா! செயலி சரிபார்ப்புக்குச் செல்ஃபி கேட்டு, போட்ட படங்களோடு ஒப்பிடும். எல்லாப் படத்திலும் தாடி, நேரில் மொழுமொழு என்றால் செயலி ஏற்றுக்கொண்டாலும் வருகிற பெண் ஏற்க வேண்டுமே. முகப்படமும் கர்லா படமும் மறுபடி எடுத்தாக வேண்டும்.

மார்ச் 16, திங்கள்

ஒரு மேட்ச் விழுந்திருக்கிறது. மதுரைப் பெண். "அது என்ன கட்டை, எத்தனை கிலோ?" என்று கேட்டிருக்கிறாள். பதில் போடாமல் என்னைக் கேட்கிறான்.