உங்கட காய்

யாழ்ப்பாணத்துப் பலாலியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் சென்னை. இவ்வளவு கிட்ட இருக்கிற நாட்டுக்கு வந்ததைப் புலம்பெயர்வு என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. வளசரவாக்கத்தில் வீடு, வெளிநாட்டவர் பதிவு, சிலிண்டர் எல்லாம் ஒருவழியாக அமைந்தன. நாலு வயது மகன்தான் பேச்சை நிறுத்திவிட்டான்.

ஊரில் ஓயாமல் கதைத்தவன். இங்கே எல்கேஜியில் நாற்காலியைக் ‘கதிரை’ என்றானாம், பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். ஆமாம் என்பதற்கு ‘ஓம்’ என்றால் சாமி கும்பிடுகிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். அப்புறம் எல்லாவற்றுக்கும் தலையாட்டல்தான். வீட்டிலும் ‘இந்த ஊர்த் தமிழ்’ பேசினால்தான் பிள்ளை குழம்பாது என்று ஒருவர் அறிவுரை சொன்னார். அன்று இரவு நான் அழுதேன்.

பேச்சுப் பயிற்சியாளர் முதலில் காதைப் பரிசோதிக்கச் சொன்னார். காதில் குறையில்லை. உங்கள் வீட்டுப் பேச்சை மாற்றவே வேண்டாம் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. “இது என்ன, அது என்ன நிறம்னு கேட்டுக்கிட்டே இருக்காதீங்க. சேர்ந்து விளையாடுங்க. உங்க முறை முடிஞ்சதும் மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க, அவன் பேசட்டும்.”

படம் போட்ட அட்டைகள் ஒரு பெட்டி வாங்கினேன். தண்டச் செலவு. அவற்றைக் கையில் எடுத்தாலே நான் பரீட்சை வைப்பவளாகிவிடுவேன், அவன் கட்டிலுக்கடியில் போய்விடுவான்.

காப்பாற்றியது மாடி வீட்டுப் பாட்டியின் பித்தளைத் தாயக்கட்டை. சோக்கால் தரையில் கட்டம் போட்டுத் தந்தார். தாயம், அதாவது ஒன்று, விழாமல் காய் இறங்காது, வெட்டுப்பட்ட காய் மறுபடி முதலிலிருந்து. பன்னிரண்டுதான் மகனுக்கு ஆச்சரியம்: புள்ளியே இல்லாத பக்கம் இரண்டு கட்டையிலும் விழுந்தால் பன்னிரண்டாம்!

கட்டையை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு ஐந்து எண்ணுவேன். முதல் வாரம் என் விரல்களைப் பிரித்து எடுத்தான். அடுத்த வாரம் ஒரு நாள், “தா.” கொடுத்துக்கொண்டே, “கட்டையைத் தா” என்று நான் ஒரு சொல் கூட்டினேன். திரும்பச் சொல் என்று கேட்கவில்லை. அந்த ஐந்து எண்ணுவது இருக்கிறதே, உலகத்திலேயே கஷ்டமான வேலை. என் கணவரால் மூன்றைத் தாண்ட முடியாது, அவனுக்குப் பதிலாக எண்ணிக் காயையும் நகர்த்திவிடுவார். அவரைத் தேநீர் போட அனுப்பினோம்.

பிறகு பல்லாங்குழி. பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. ஒரு குழியில் நாலு சேர்ந்தால் ‘பசு’, குழிக்காரர் அள்ளிக்கொள்ளலாம். பசுவை யார் முதலில் கண்டுபிடிப்பது என்று பாட்டி போட்டி வைத்தார். அந்த வீட்டில் அவன் சத்தமாகச் சொன்ன முதல் சொல் அதுதான். எனக்குத் தோன்றுவது இது: தாயம், வெட்டு, பசு எல்லாம் விளையாட்டின் சொற்கள். யாழ்ப்பாணமா சென்னையா என்று அவன் யோசித்து வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

தாயத்தில் காய் உச்சிக்குப் போனால் பழம். அவன் ‘பளம்’ என்பான், பாட்டியும் ‘பளம்’ என்பார். உண்மையைச் சொன்னால் நானும்தான். ழகரம் பிள்ளைகளுக்குத் தாமதமாக வரும், இப்போது திருத்த வேண்டாம் என்றார் பயிற்சியாளர். எனக்கு எப்போது வரும் என்று நான் கேட்கவில்லை.

போன ஞாயிறு பாட்டியின் கடைசிக் காய் பழத்துக்குப் பக்கத்தில் நின்றது. இவன் கட்டையை உருட்டினான், எண்ணினான், துள்ளி எழுந்தான்.

“பாட்டி, உங்கட காயை வெட்டிட்டேன்!”

‘உங்கட’ எங்கள் ஊர், ‘வெட்டிட்டேன்’ இந்த ஊர். பாட்டி இரண்டையும் கவனிக்கவில்லை. “அடப்பாவி, கெட்டிக்காரா!” என்று தன் காயை எடுத்துக் கீழே வைத்தார்.