குளியலறைத் தரையை இரண்டு முறை போட்டேன்

ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கும் ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டையில் துவைத்த துணியே இரண்டு நாள் காயாது. குளியலறைத் தரையைக் கேட்கவே வேண்டாம். இது தெரிந்திருந்தும், பக்கத்து ஊர்க் கடையொன்றின் விளக்கு வெளிச்சத்தில் மயங்கி, இரண்டடிக்கு இரண்டடிப் பளபள டைல்ஸை வாங்கினேன். வழுக்குமா என்று கேட்டதற்கு, “ஆன்டி ஸ்கிட்தான் மேடம்” என்றார் விற்பனையாளர். தடவிப் பார்த்தேன், கை வழுக்கவில்லை. டைல்ஸும் காய்ந்திருந்தது, என் கையும் காய்ந்திருந்தது.

மூன்றாவது வாரம் அத்தை சோப்பு நீரில் வழுக்கி விழுந்தார்; மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று. மீந்திருந்த பெட்டியை அன்றுதான் படித்தேன்: ‘கிளாஸி’, அதாவது வழவழப்பான பளபளப்பு, என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தது. கடைக்குக் கொண்டுபோனபோது, விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது என்ற வரியை பில்லின் அடியில் விரலால் தொட்டுக் காட்டியதைத் தவிர விற்பனையாளர் வேறொன்றும் சொல்லவில்லை.

தண்ணீர் வடிவதற்கான வாட்டமும் சரியில்லை. தண்ணீர் வெளியேறும் நாணி டிராப் மூலையில் இருந்தால் தரை இரண்டு பக்கமாகச் சரிய வேண்டும். பெரிய டைல்ஸில் அதைக் கொண்டுவர ஒவ்வொன்றையும் குறுக்கே வெட்ட வேண்டியிருக்கும். கொத்தனார் வெட்டாமல் மட்டமாகவே ஒட்டியிருந்ததால், வாஷ் பேசினுக்கு அடியில் தண்ணீர் தேங்கியே கிடந்தது.

உடைத்து, நீர்க்காப்புப் பூச்சை மறுபடி பூசி, ஒரு நாள் தண்ணீரைத் தேக்கிவைத்துக் கசிகிறதா என்று பார்த்தோம்.

இம்முறை ஒரு பாட்டில் தண்ணீரும் சோப்புத் துண்டுமாகக் கணவாய்க்கு அப்பால் கேரளத்திலுள்ள புனலூருக்குப் போனேன். மாதிரி டைல்ஸைக் கடை வாசலில் வைத்து, சோப்பு நீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறி நின்றதும் வேலை செய்த பையன்கள் சிரித்தார்கள். கடைக்காரர் மட்டும், “நல்லா நனச்சு நோக்கிக்கோ சேச்சி” என்றார். அவர்தான் இன்னொன்றும் சொன்னார்: பெட்டியில் ஆர் 10, ஆர் 11 என்று போட்டிருப்பது எண்ணெய் தடவிய சாய்தளத்தில் காலணியோடு நடந்து சோதித்த அளவு, வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனி வகுப்பு உண்டு, குளிக்கும் இடத்துக்கு பி-க்குக் குறையாமல் கேட்க வேண்டும். மிகச் சொரசொரப்பானதில் அழுக்குத் தங்கும் என்பதால், ஓரடிக்கு ஓரடி அளவில் பளபளப்பில்லாத நடுத்தர மேட் ஒன்றை எடுத்தேன்.

அப்போதும் ஒரு நாள் வீணாயிற்று. எல்லாப் பெட்டியும் ஒரே நிறமாக இருக்கப் பார்க்க வேண்டிய ஷேடு நம்பரை பில்லில் எழுதி வாங்கிய நான், வண்டியில் ஏற்றிய பெட்டிகளின் பக்கவாட்டைப் பார்க்கவில்லை. கொத்தனார் சிமென்ட் குழைத்த பிறகு ஐந்தாவது பெட்டியைத் திறந்தால், சாம்பல் நிறம் லேசாகப் பச்சை பாய்ந்திருக்கிறது. அவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்தனுப்பிவிட்டு மறுபடி கணவாய் தாண்டினேன். எண் பில்லில் இருந்ததால் ஒரு வார்த்தை பேசாமல் மாற்றிக் கொடுத்தார்கள்.

எட்டடி நீளத்துக்கு ஒன்றரை அங்குல வாட்டம் வைக்கச் சொல்லி, ரசமட்டத்தோடு கூடவே நின்றேன். டைல்ஸ்களுக்கு இடையிலான இடைவெளியை நிரப்ப எபாக்ஸி கிரவுட் என்ற பிசின் கலவைதான் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தேன். அது சீக்கிரம் இறுகுவதால் கொத்தனாருக்குப் பிடிக்கவில்லை. ஈரப் பஞ்சால் உடனே துடைக்காத வாசலோர டைல்ஸ் இரண்டில் மங்கலான படலம் இன்னும் இருக்கிறது.

இப்போது ஒரு வாளி நீரைக் கவிழ்த்தால் மூலைக்கு ஓடிவிடுகிறது. ஆனாலும் அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டேதான் நடக்கிறார். கைப்பிடிக் கம்பி பதிக்கக் கொத்தனாரை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.